கட்டைக் குரலும் ஒரு செல்வமே

நம்முடைய வீடுகளில் பெண்ணோ பிள்ளையோ பாட ஆரம்பித்தவுடனே, சுற்றியிருப்போர் ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவது வழக்கம். குரல் மெல்லியதாய், உயர எழும்புவதாய் இருந்தால் "குயில்" என்பார்கள். தாழ்ந்து கனத்திருந்தால் "கட்டைக் குரல்" என்பார்கள். முதல் தீர்ப்பைப் பெற்ற குழந்தைக்குப் பாட்டு வாத்தியார் ஏற்பாடாகிறார். இரண்டாவது தீர்ப்பைப் பெற்ற குழந்தை தாளம் போடவோ, தம்பூரா மீட்டவோ, அல்லது பேசாமல் கணக்குப் பாடத்தைக் கவனிக்கவோ அனுப்பப்படுகிறது. பள்ளிக்கூடங்களிலும் இதே கதைதான். ஆண்டு விழாவுக்குக் கடவுள் வாழ்த்துப் பழக்கும்போது, தாழ்ந்த குரலுடைய பிள்ளைகளைப் பின் வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. பத்து வயதில் அப்படி வாயை மூடிக்கொண்ட குழந்தை ஐம்பது வயதிலும் பூஜை அறையில்கூட வாய் திறவாமல் இருப்பதை நாம் எத்தனையோ குடும்பங்களில் காண்கிறோம்.

இந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா? உயர்ந்த குரல்தான் நல்ல குரல், தாழ்ந்த குரல் குறைபட்ட குரல் என்பதற்குச் சங்கீத சாஸ்திரத்தில் ஆதாரம் உண்டா? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, மேல்நாட்டார் குரல்களை எவ்விதம் வகைப்படுத்தியிருக்கிறார்கள் என்பதையும், நம் நாட்டார் அதே விஷயத்தை வேறு எந்த வழியில் சமாளித்தார்கள் என்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மிகவும் ருசிகரமாயிருக்கும்.

ஆறு வகைக் குரல்கள்

ஐரோப்பாவில் "ஆபெரா" என்று ஒருவகை இசை நாடகம் உண்டு. நம்முடைய பழைய ஸ்பெஷல் நாடகங்களைப் போலவே அதிலும் கதாபாத்திரங்கள் பாடியே பேசுவார்கள், பாடியே அழுவார்கள், பாடியே உயிர் விடுவார்கள். அவற்றில் ஒரு பாத்திரம் தனித்து நின்று தன் உள்ளத்தைத் திறந்து காட்டும் பாட்டுக்கு "ஆரியா" என்று பெயர். இந்த நாடகங்களை இயற்றியவர்கள் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எந்த ஸ்தாயியில், எந்த ஸ்வரத்தில் பாட வேண்டுமென்பதைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். ஐம்பது அறுபது வாத்தியங்கள் அந்தச் சுருதியிலேயே வாசிக்கும். பாடகர் தம் இஷ்டத்துக்குச் சுருதியை மாற்றிக்கொள்வது எளிதன்று. ஆகையால் பாத்திரத்துக்கு ஏற்ற குரலைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்தத் தேவையிலிருந்து பிறந்ததே குரல்களை வகைப்படுத்தும் சாஸ்திரம்.

பெண்களின் குரலை மேலிருந்து கீழாக சொப்ரானோ, மெஸ்ஸோ சொப்ரானோ, கான்ட்ரால்ட்டோ என்று மூன்றாகவும், ஆண்களின் குரலை டெனர், பாரிடோன், பாஸ் என்று மூன்றாகவும் பிரித்தார்கள். பாஸ் என்னும் மிகத் தாழ்ந்த ஆண் குரல் இறங்கும் அடி ஸ்வரத்தில் குரல்நாண்கள் வினாடிக்குச் சுமார் 82 தடவை அதிர்கின்றன. சொப்ரானோ எட்டும் உச்சியிலோ 1,000 தடவைக்கும் மேல் அதிர்கின்றன. மனிதக் குரலின் ராஜ்யம் இவ்வளவு விசாலமானது!

ஆனால் எட்டும் எல்லையை மட்டும் அளந்து அவர்கள் திருப்தியடைந்துவிடவில்லை. ஒருவர் ஒரு ஸ்வரத்தை எட்டிப் பிடிப்பது வேறு. அந்த ஸ்வரத்தில் சௌகரியமாக வாசம் செய்வது வேறு. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு இறங்க எல்லோராலும் முடியும். அங்கேயே குடித்தனம் நடத்த எத்தனை பேரால் முடியும்? ஆகையால் ஒரு பாட்டு எந்தப் பகுதியில் அதிக நேரம் சஞ்சரிக்கிறது என்பதே முக்கியமென்று கண்டார்கள். அதோடு குரலின் கனம், அதன் நிறம், மார்பிலிருந்து எழும் குரல் தலைக்குரலாக மாறும் இடம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள். ஜெர்மானியர்கள் இந்த வகைகளை இன்னும் நுட்பமாகப் பிரித்து, "ஃபாக்" என்ற பெயரால் ஒரு பெரிய அட்டவணையே போட்டுவிட்டார்கள். பாஸ் என்னும் ஒரே வகைக்குள்ளேயே கம்பீரமாய் ஆழ்ந்து ஒலிப்பது, இனிமையாய் நீண்டு பாடுவது, ஹாஸ்யத்துக்கு ஏற்றது என்று உட்பிரிவுகள் உண்டு.

தாழ்ந்த குரலுக்குச் செய்த மரியாதை

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர்கள் தாழ்ந்த குரலை வகைப்படுத்தி மூலையில் உட்கார்த்தி வைக்கவில்லை. அதற்கென்றே சிறந்த பாட்டுக்களை எழுதினார்கள். மோஸார்ட் என்னும் மேதை 1778-ல் தம் தகப்பனாருக்கு எழுதிய கடிதமொன்றில், பாட்டு என்பது பாடுகிறவருக்கு நன்றாகத் தைத்த சட்டையைப் போலப் பொருந்த வேண்டுமென்ற கருத்தைத் தெரிவித்திருக்கிறார். அதை அவர் செய்தும் காட்டினார். 1782-ல் வியன்னாவில் அரங்கேறிய ஒரு நாடகத்தில் லுட்விக் ஃபிஷர் என்ற பாஸ் பாடகருடைய அபூர்வமான குரலை உத்தேசித்து, ஆஸ்மின் என்னும் பாத்திரத்தின் பாட்டுக்களை விரிவாக்கினார். 1791-ல் அதே நகரில் அரங்கேறிய "மாயப் புல்லாங்குழல்" நாடகத்தில், இரவின் ராணி ஆகாயத்தை எட்டும் குரலில் பழி வாங்கும் வெறியைப் பாடுகிறாள். ஞானியான ஸராஸ்ட்ரோ பாதாளத்தைத் தொடும் குரலில் மன்னிப்பின் பெருமையைப் பாடுகிறான். ஆத்திரத்துக்கு உச்சக் குரலையும் ஞானத்துக்குத் தாழ்ந்த குரலையும் மோஸார்ட் பொருத்தியது ரஸிக்கத் தக்கதல்லவா?

1867-ல் பாரிஸில் அரங்கேறிய வெர்டியின் "டான் கார்லோஸ்" நாடகத்தில், அன்பில்லாத அரண்மனையில் உறக்கமின்றித் தவிக்கும் அரசனின் தனிப்பாட்டு பாஸ் குரலுக்கென்றே அமைந்தது. ருஷ்யாவிலோ "போரிஸ் கோடுனோவ்" நாடகத்தின் கதாநாயகனே பாஸ் பாடகன்தான். ஷாலியாபின் (1873–1938) அந்த வேஷத்தினால் உலகப் புகழ் பெற்றார். பெண்களில் தாழ்ந்த குரலான கான்ட்ரால்ட்டோவுக்கு, க்ளுக் 1762-ல் இயற்றிய "ஆர்ஃபியோ" நாடகத்தில் மனைவியை இழந்தவன் புலம்பும் பாட்டு ஒரு பொக்கிஷமாக விளங்குகிறது. முதலில் அது ஆண் பாடகர் ஒருவருக்காக எழுதப்பட்டதாயினும், பிற்காலத்தில் தாழ்ந்த குரலுடைய பெண்மணிகளின் சொத்தாகிவிட்டது.

அமெரிக்காவின் நீக்ரோ மக்களிடையே பிறந்த மரியன் ஆண்டர்ஸன் அம்மையாரின் குரல் இத்தகைய கான்ட்ரால்ட்டோதான். 1939-ஆம் வருஷத்தில் நிறத்தைக் காரணமாக்கி வாஷிங்டன் நகரின் பெரிய மண்டபம் ஒன்று அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் என்ன செய்தார்? ஏப்ரல் 9-ந் தேதி லிங்கன் ஞாபகச் சின்னத்தின் படிகளில், திறந்த வெளியில் நின்று, சுமார் 75,000 பேர் கேட்கப் பாடினார். அதே ஜனங்களில் தோன்றிய பால் ராப்ஸன் (1898–1976) பாஸ் குரலுடையவர். மிஸிஸிப்பி நதியைப் பற்றிய பாட்டை அவர் பாடியபோது நதியே பேசுவது போலிருந்தது என்பார்கள். நம் நாட்டின் விடுதலையிலும் அவர் அக்கறை கொண்டிருந்தார். அவருடைய அறுபதாவது பிறந்த நாளை 1958-ல் இந்தியாவில் கொண்டாடுவதற்கு ஜவஹர்லால் நேரு ஆதரவளித்தார். அஸ்ஸாமின் பூபேன் ஹஸாரிகா, ராப்ஸனின் நதிப் பாட்டால் உள்ளம் கவரப்பட்டு, அதைத் தம் நாட்டு நதிக்கு உரியதாக்கிப் பாடினார். "கட்டைக் குரல்" என்று நாம் ஒதுக்கும் குரல் சமுத்திரங்களைத் தாண்டிய கதை இது.

சுருதி நகரும், மனிதர் நகர வேண்டியதில்லை

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேல்நாட்டில் பாட்டு நின்ற இடத்தில் நிற்க, பாடகர் அதைத் தேடிப் போகிறார். நம் சங்கீதத்திலோ பாடகர் நின்ற இடத்துக்குப் பாட்டு வந்து சேர்கிறது. ஸட்ஜம் என்பது இன்ன ஒலி என்று நம் முன்னோர் ஆணியடித்து வைக்கவில்லை. அவரவர் சாரீரத்துக்கு எது ஆதாரமோ அதுவே ஸட்ஜம். தம்பூராவின் பிருடையை முறுக்கினால் காரியம் முடிந்தது. இதைவிடப் பெருந்தன்மையான ஏற்பாட்டை எங்கே காண முடியும்?

ஹார்மோனியம் வந்த பிறகு இந்த ஆதாரத்தைக் "கட்டை" என்ற அளவால் சொல்லத் தொடங்கினோம். வெள்ளைக் கட்டைகள் ஏழும் ஒன்று முதல் ஏழு வரை. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நான்கரை, ஐந்தரை, ஆறரை. பொதுவாக ஆண்கள் ஒரு கட்டை, இரண்டு கட்டை என்ற அளவிலும், பெண்கள் ஐந்து, ஆறு கட்டை என்ற அளவிலும் பாடுகிறார்கள்.

பழந் தமிழர் குரலின் மூன்று நிலைகளை மெலிவு, சமன், வலிவு என்று அழைத்தார்கள். மந்த்ரம், மத்யமம், தாரம் என்று நாம் சொல்லுவதும் அவையே. கச்சேரி செய்பவருக்கு மந்த்ர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி வேண்டும். இந்தக் கணக்கை மேல்நாட்டு அட்டவணையோடு பொருத்திப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பாஸ் பாடகரின் எல்லை மூன்றாங் கட்டையிலிருந்து இரண்டு ஸ்தாயி. அதை மந்த்ர பஞ்சமமாகக் கொண்டால் அவருடைய ஸட்ஜம் கீழ் ஆறு கட்டை. பாரிடோன் ஏறக்குறைய ஐந்தாங் கட்டையிலிருந்து தொடங்குகிறார். ஆகவே அவருடைய ஸட்ஜம் நம் வித்வான்கள் பலர் பாடும் ஒரு கட்டைதான். டெனருக்கு நான்கு கட்டை. பெண்களின் நிலைமை இன்னும் விநோதமானது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் நம் பெண்மணி ஒருவர் மந்த்ர பஞ்சமம் வரை இறங்குவாரானால், அவர் கான்ட்ரால்ட்டோவின் அடி எல்லையையும் தாண்டிச் சற்றுக் கீழே போய்விடுகிறார்! ஏனெனில் நம் பெண்கள் பெரும்பாலும் மார்புக் குரலிலேயே பாடுகிறார்கள். சொப்ரானோ பாடகிகளோ தலைக்குரலைப் பயிற்சி செய்து மேலே ஏறுகிறார்கள். "குயில்" என்று நாம் கொண்டாடும் பெண்மணிகளில் பலர், மேல்நாட்டு ஆசிரியர் காதுக்குத் தாழ்ந்த குரலுடையவர்களே. உயர்வு தாழ்வு என்பதெல்லாம் எங்கே நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்த விஷயம்.

உச்ச சுருதி மோகம் எப்படி வந்தது?

இவ்வளவு தாராளமான ஏற்பாடு இருந்தும் நம்மிடையே உச்ச சுருதி மோகம் எப்படிப் புகுந்தது? அதற்குக் காரணம் சாஸ்திரமன்று, கொட்டகை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், ஆயிரக்கணக்கான ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் நாடகக் கொட்டகையில், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் மேல் ஸ்தாயியில் முழங்கித்தான் தீர வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933), கே. பி. சுந்தராம்பாள் முதலிய மேதைகள் அந்தக் காலத்துச் சிகரங்கள். அவர்களுடைய குரல் தெய்வத்தின் கொடை. ஆனால் அந்தக் கொடையில்லாதவர்களும் அவர்களைப் போலவே முழங்க முயன்று தொண்டையைப் புண்ணாக்கிக் கொண்டார்கள். சிறுவர்களைக் கொண்டு நடத்திய நாடகக் கம்பெனிகளில், "மகரக்கட்டு" வந்து குரல் உடைந்த பையன் நேற்று வரை ராஜபார்ட்டாக இருந்து இன்று கூட்டத்தில் ஒருவனாக நிற்க வேண்டியதாயிற்று.

1930-க்குப் பிறகு ஒலிபெருக்கியும் வானொலியும் பரவவே நிலைமை மாறிற்று. மெல்லப் பாடினாலும் எல்லோருக்கும் கேட்கும் என்று ஆனவுடன், பாடகர்கள் தங்கள் இயல்பான சுருதிக்கு இறங்கி வந்தார்கள். மங்கள வாத்தியத்திலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. முன்னாளில் வழங்கியது திமிரி நாயனம். நீளம் குறைந்தது, சுருதி உயர்ந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்டு தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாயனத்தைப் பிரபலமாக்கினார். அந்தத் தாழ்ந்த நாதத்தில் அவர் வாசித்த தோடியைக் கேட்டவர்கள், கம்பீரம் என்பது உயரத்தில் மட்டும் இல்லை என்பதை உணர்ந்தார்கள்.

நம் ஜில்லாவும் நம் கடற்கரையும்

தாழ்ந்த குரலுக்கு ஏற்ற பாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்கு உதாரணம் தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த காஞ்சீபுரத்தில் 1919-ல் பிறந்தவர் டி. கே. பட்டம்மாள். பெண்களின் குரல் என்றால் கீச்சென்று இருக்க வேண்டுமென்று ஜனங்கள் எண்ணியிருந்த காலத்தில், ஆழமும் கனமும் பொருந்திய சாரீரத்துடன் அவர் மேடையேறினார். அம்பி தீக்ஷிதரிடமும் டி. எல். வெங்கடராமய்யரிடமும் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கிருதிகளைப் பாடம் செய்துகொண்டார். இது தற்செயலான பொருத்தமன்று. தீக்ஷிதர் கிருதிகள் வீணையின் வழியே நடப்பவை. விளம்ப காலத்தில் மந்த்ர ஸ்தாயியில் நின்று நிதானமாக ஏறி இறங்குபவை. கனத்த குரலுக்கு அவற்றைவிடப் பொருத்தமான உடை ஏது? பாரதியார் பாடல்களையும் அவர் அதே கம்பீரத்துடன் பாடினார். 1939-ல் வெளிவந்த "தியாக பூமி"யில் தேச சேவைக்கு அழைத்த குரல் அவருடையது. 1947-ல் தேசம் விடுதலை பெற்ற வேளையில் சென்னை வானொலியில் ஒலித்ததும் அவருடைய குரலே.

கோவளத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே சென்னைக்குப் போகிறவர்கள் திருவான்மியூரைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கேயுள்ள கலாக்ஷேத்திரத்தில் பல்லாண்டு ஆசிரியராயிருந்தவர் எம். டி. ராமநாதன் (1923–1984). பாலக்காட்டுச் சீமையில் மஞ்சப்ராவில் பிறந்து, பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, பிறகு டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யரானவர். குரு டைகரும் குரலினிமைக்காகப் பெயர் பெற்றவரல்லர். மனோதர்மத்தாலும் ஞானத்தாலும் பெயர் பெற்றவர். சிஷ்யரின் குரலோ ஒரு கட்டைக்கும் கீழே, கிணற்றின் அடியிலிருந்து எழும் ஓங்காரம் போன்றது. அதை உயர்த்திக் காட்ட அவர் முயலவேயில்லை. வேகத்தைக் குறைத்தார், ஒவ்வொரு ஸ்வரமும் தன் முழு அழகையும் காட்டும் வரையில் காத்திருந்தார். ஸஹானா, ஆனந்தபைரவி, யதுகுலகாம்போதி, ரீதிகௌளை, ஸ்ரீராகம் போன்ற சாவகாசமான ராகங்கள் அவரிடம் தஞ்சம் புகுந்தன. தியாகராஜரின் ஸஹானா ராகக் கிருதியான "கிரிபை"யை அவர் பாடிய விதம் ஒரு தவம். சிலர் பரிகாசம் செய்தார்கள். சிலர் பொறுமையிழந்து எழுந்து போனார்கள். 1974-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததேயன்றி, சங்கீத கலாநிதிப் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும், அவருடைய ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவளத்துக் கடற்கரை சரித்திரம் கண்ட இடம். நவாபின் கோட்டை இங்கே இருந்தது. 1752-ல் க்ளைவின் படை அதைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தது. பீரங்கி முழக்கம் ஓய்ந்துவிட்டது. ஆனால் கரைவலை இழுப்பவர்களின் "ஏலேலோ" ஓயவில்லை. அந்தப் பாட்டைச் சற்றுக் கவனித்துக் கேட்டால் ஓர் உண்மை புலப்படும். நான்கைந்து ஸ்வரங்களுக்குள்ளேயே அது சுற்றி வருகிறது. முதலடி எடுப்பவர் தம் இயல்பான குரலில் எடுக்கிறார். இருபது பேர் தங்கள் இயல்பான குரலில் ஏற்கிறார்கள். அங்கே வாயை மட்டும் அசைக்கும்படி யாரும் யாருக்கும் உத்தரவிடுவதில்லை. உத்தரவிட்டால் வலை கரைக்கு வராது!

பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

இனி, தாழ்ந்த குரலுடைய பெண்ணையோ பிள்ளையையோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் தாய் தந்தையர் என்ன செய்யலாம்? சில யோசனைகள் சொல்லுகிறேன்.

முதலாவது, சுருதியைக் கண்டுபிடியுங்கள். குழந்தை சிரமமின்றி, குரல் நடுங்காமல், கேட்கும்படியாகப் பாடக்கூடிய மிகத் தாழ்ந்த ஸ்வரம் எது என்று பாருங்கள். அதை மந்த்ர பஞ்சமமாக வைத்துக்கொண்டால், அதற்கு மேலே வரும் ஸட்ஜமே ஏறக்குறைய அக்குழந்தையின் சுருதி. அந்தக் காலத்தைப் போல ஹார்மோனியம் தேட வேண்டியதில்லை. இப்போது கைப்பேசியிலேயே சுருதிப் பெட்டி இருக்கிறது. இரண்டு மூன்று நாள், காலையும் மாலையும் சோதித்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். காலையில் குரல் சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பு. பாட்டு வாத்தியாரின் சுருதியையோ, உடன் கற்கும் அடுத்த வீட்டுக் குழந்தையின் சுருதியையோ உங்கள் குழந்தைமேல் சுமத்த இடங்கொடாதீர்கள்.

இரண்டாவது, பாட்டு எங்கே வாசம் செய்கிறது என்று பாருங்கள். அநுபல்லவியில் ஒரு தடவை தார ஸட்ஜத்தைத் தொட்டு வருவது எல்லோருக்கும் கைகூடும். சரணம் முழுவதும் தார காந்தாரத்திலும் மத்யமத்திலும் நிற்கும் பாட்டைத் தொடக்கத்தில் தள்ளி வைக்கலாம். தீக்ஷிதர் கிருதிகள், க்ஷேத்ரக்ஞரின் பதங்கள், நிதானமான தமிழ்ப் பாடல்கள் கனத்த குரலுக்கு உற்ற துணை. வீணை தனம்மாள் (1867–1938) வீட்டில், வீணை ஒலியோடு ஒட்டி மெல்லப் பாடிய பதங்களைக் கேட்கப் பெரிய வித்வான்களெல்லாம் காத்திருந்தார்கள். அங்கே உரக்கப் பேசுவதற்குக்கூட ஒருவருக்கும் துணிவில்லை.

மூன்றாவது, மத்யம சுருதி ராகங்களை மறவாதீர்கள். புன்னாகவராளி, நாதநாமக்ரியை, செஞ்சுருட்டி, குறிஞ்சி, நவரோஜ் ஆகியவை தார ஸ்தாயிக்கு ஏறாமல் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கி நடப்பவை. அதனாலேயே வழக்கமான மத்யமத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு அவற்றைப் பாடுகிறார்கள். நவரோஜின் எல்லை மந்த்ர பஞ்சமம் முதல் மத்ய பஞ்சமம் வரை. மத்யம சுருதியில் கணக்கிட்டால், அது பாடகரின் சொந்த ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை சரியாக ஒரு ஸ்தாயி ஆகிறது. எந்தக் குழந்தையும் எட்டக்கூடிய எல்லை! நாதநாமக்ரியை அதைவிடச் சற்று மேலே போகும். ஆகையால் தாழ்ந்த குரலுக்கு அதைப் பாடும்போது சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்ளலாம். நீலாம்பரி, குறிஞ்சி, நவரோஜ் இவற்றில் எத்தனையோ தாலாட்டுக்கள் அமைந்திருக்கின்றன. எந்தத் தாயாவது தாலாட்டை உச்ச ஸ்தாயியில் பாடிக் குழந்தையைத் தூங்கப் பண்ணியதுண்டா?

நான்காவது, வேகத்தைக் குறையுங்கள். கனத்த சாரீரம் தேரைப் போன்றது. அதைக் குதிரை வண்டியைப் போல ஓட்டினால் அச்சு முறியும். துரித காலத்துப் பிருகாக்கள் வரவில்லையே என்று ஏங்க வேண்டாம். நின்று பாடும்போது நாதத்தில் உண்டாகும் நிறைவு அந்தக் குறையை ஈடு செய்து மிச்சமும் வைக்கும்.

ஐந்தாவது, வயதைக் கவனியுங்கள். ஏறக்குறைய பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் ஆண் பிள்ளைகளுக்குக் குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. பெண்களுக்கும் குரல் சிறிது இறங்குவதுண்டு. ஆனால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. இந்த மகரக்கட்டுக் காலத்தில் பழைய சுருதியிலேயே பாடும்படி வற்புறுத்துவது கொடுமை. பாடவே வேண்டாமென்று நிறுத்திவிடுவதும் தவறு. ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் அடங்கிய எளிய பாட்டுக்களை மெல்லப் பாடச் செய்து, மாதந்தோறும் சுருதியைத் திரும்பப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், கஷாயத்தோடு நின்றுவிடாமல் தொண்டை வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கூட்டுப் பாட்டுக்கு முப்பது பிள்ளைகளை நிறுத்தினால், முப்பது பேருக்கும் ஒரே சுருதி ஒத்துவராது. மாதாகோவில் கூட்டுப் பாடல்களில் உயர்ந்த குரல், தாழ்ந்த குரல் என்று நான்கு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வரி கொடுக்கும் முறை உண்டு. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பல்லவியை எல்லோரும், அநுபல்லவியை உயர்ந்த குரலினர், தாழ்ந்து நடக்கும் அடிகளைக் கனத்த குரலினர் என்று பங்கிட்டாலே போதும். தீக்ஷிதர் மேல்நாட்டு மெட்டுக்களைக் கேட்டுச் சங்கராபரணத்தில் "நோட்டு ஸ்வர" சாகித்தியங்களாக ஆக்கினார். அந்நிய நாட்டுச் சரக்கை நம்முடையதாக்கிக் கொள்ளும் துணிவு அவருக்கு இருந்தது. குரல்களை வகையறிந்து மதிக்கும் வழக்கத்தையும் நாம் அவ்விதமே ஏற்றுக்கொள்வதில் ஒரு குறைவுமில்லை. அவர்களுக்கில்லாத சௌகரியம் ஒன்றும் நமக்கு உண்டு. நம்முடைய ஸட்ஜம் நம் குழந்தையைத் தேடி வரும்.

தம்பூராவில் நான்கு தந்திகள் இருக்கின்றன. அவற்றில் மிகத் தாழ்ந்து ஒலிப்பது மந்தர ஸட்ஜம். பஞ்சமமும் ஸாரணைகளும் இனிமையாக ஒலிப்பது உண்மையே; ஆனால் அந்தக் கடைசித் தந்தியை அவிழ்த்துவிட்டால் தம்பூராவில் என்ன மிஞ்சும்? வீட்டில் யாராவது கட்டைக் குரலில் பாட ஆரம்பித்தால், அடுத்த முறை சிரிப்பதற்கு முன் சுருதியை ஒரு கட்டை இறக்கிப் பாருங்கள். சிரிக்க வேண்டிய அவசியம் அநேகமாக இராது.